பங்குனிப் பனி



பங்குனி மாதத்து நண்பகலில் கரையான்சாவடிச் சந்திப்பில் நின்று பார்த்தவர்களுக்குப் பனியைப் பற்றிய கட்டுரை ஒன்று அங்கிருந்து தொடங்குவது வேடிக்கையாகத் தோன்றலாம். கிழக்கே போரூரிலிருந்து வந்து மேற்கே பூந்தமல்லிக்குச் செல்லும் பெருஞ்சாலை. வடக்கே ஆவடிக்குப் பிரியும் சாலை. நடுவே வானளாவ எழுந்து நிற்கும் மெட்ரோ இரயில் தூண்கள். அவற்றின் மெல்லிய நிழலில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் மக்கள். தார்ச்சாலை இளகி, காலணி ஒட்டிக்கொள்ளும் வெயில். இவ்வூரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. மீறினால் தை மாதத்து மூடுபனி. “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இந்தப் பனியைத்தான். துளைக்கும் என்றார்களேயன்றி, அது ஆளை விழுங்கும் என்று அவர்கள் சொல்லவில்லை.

ஆயினும் ஆளை விழுங்கும் பனியைப் பற்றிய கேள்வி ஒன்று இவ்வூர் வீடு ஒன்றிலிருந்துதான் எழுந்தது.

தாயின் கேள்வி

அந்த வீட்டின் தலைவர் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். மூத்த மகன் இராணுவத்தில் வண்டியோட்டி. வடக்கு எல்லையின் பனிமலைப் பகுதியில் அவனுக்குப் பணி. அங்கே அவன் ஓட்டுவது லாரியும் அன்று, ஜீப்பும் அன்று. இராணுவத்தார் ‘ஸ்னோ ஸ்கூட்டர்’ என்று அழைக்கும் பனி வண்டி. முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்புறம் அகன்ற இரப்பர்ப் பட்டை, நடுவில் குதிரைமேல் அமர்வதுபோல் அமர ஓர் இருக்கை. சுமையை ஏற்றிச் செல்லவும், நோயுற்றவர்களைக் கீழே கொண்டுவரவும் அதுவே துணை.

2025-ஆம் ஆண்டு மாசி மாதக் கடைசியில் ஒரு மாலை, வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். அந்த அம்மா காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, நெடுநேரம் நின்றுகொண்டே இருந்தார்.

“சாமி, ஒண்ணு கேக்கணும். பையன் நேத்து போன்லே பேசினான். ‘குளிர் குறையுதம்மா, இனிமேதான் ஜாக்கிரதையா இருக்கணும்’னு சொன்னான். குளிர் குறைஞ்சா நல்லதுதானே சாமி? இத்தனை நாள் பயப்படாதவன் இப்ப ஏன் ஜாக்கிரதைங்கறான்?”

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்றவனுக்கு இக்கேள்விக்கு விடை தெரியவில்லை. அவர் கணவர் குறுக்கிட்டு, “ஒண்ணுமில்லை ஃபாதர், இவ எதையாவது நினைச்சுக்கிட்டு ராத்திரி தூங்கறதில்லை” என்றார். ஆனால் அந்த அம்மாவின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சின் பனியாற்றில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்துக் காவல்நிலையம் ஒன்றின்மீது பனிச்சரிவு வீழ்ந்து, மதராஸ் படையணியின் வீரர் 10 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வர் நம் தமிழகத்தவர். அந்தச் செய்தியை நாளிதழில் படித்த தாய்மார் எவரும் அதனை மறந்திரார்.

நான் அப்போது விடை கூறவில்லை. ஆனால் அடுத்த மாதம் டில்லியில் ஒரு கருத்தரங்கு இருந்தது. பூந்தமல்லித் திரு இருதயக் குருமடத்தில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த நண்பர் ஒருவர் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் பணிபுரிகிறார். “டில்லி வரை வந்துவிட்டு என்னைப் பாராமல் போவாயோ?” என்று பல ஆண்டுகளாகக் குறைபட்டுக்கொண்டிருந்தவர். மகன் முதன்முதலில் பனிப் பயிற்சி பெற்றதும் அங்குள்ள குல்மார்க்கில்தான் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். ஆகவே கருத்தரங்கு முடிந்ததும் விமானம் ஏறி ஸ்ரீநகரில் இறங்கினேன்.

ஒரு தந்தையின் துயரத்தில் வளர்ந்த வண்டி

பயணத்தைச் சொல்லுமுன் அந்த வண்டியின் வரலாற்றைச் சொல்லிவிடுவது நன்று. கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்னும் சிற்றூரில் 1907-ஆம் ஆண்டு பிறந்தவர் யோசேப் அர்மான் பொம்பார்டியே. பதினைந்து வயதிலேயே, 1922-ஆம் ஆண்டில், பழைய மோட்டார் இயந்திரம் ஒன்றைச் சறுக்குக் கட்டைகள்மேல் ஏற்றி, விமானத்துக்கு உள்ளதுபோன்ற விசிறி பொருத்திப் பனியில் ஓட்டிக் காட்டியவர். அன்று அது இளைஞன் ஒருவனின் விளையாட்டு. 1934-ஆம் ஆண்டு சனவரியில் அவருடைய இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுக்குள் சீழ் கட்டியது. மருத்துவமனை இருந்தது, பாதை இல்லை. சாலைகளைப் பனி மூடிக் கிடந்தது. வீட்டில் இயந்திரங்கள் இருந்தும், அவற்றுள் ஒன்றும் ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்தது.

அதன்பின் அந்தத் தந்தை ஓயவில்லை. பற்சக்கரம் சுழற்ற இரப்பர்ப் பட்டை ஓடும் அமைப்பை உருவாக்கி, 1937-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் எழுவர் அமரும் பெரிய வண்டிகள் வந்தன. மருத்துவர்களும் அஞ்சல்காரர்களும் அவற்றில் சென்றனர். ஒருவர் இருவர் செல்லும் சிறு வண்டி 1959-ஆம் ஆண்டில் ‘ஸ்கி-டூ’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் முன்மாதிரிகளுள் ஒன்றைப் பெற்றவர், வட ஒன்றாரியோவின் பூர்வ குடிகளிடையே பணிபுரிந்த மொரிஸ் வீமே என்னும் மறைபரப்புக் குரு. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் மக்களைத் தேடிச் சென்றுகொண்டிருந்தவர் அவர். இன்று உலகம் முழுவதும் பொழுதுபோக்குக்காக ஓடும் இவ்வண்டி, வைத்தியரிடம் போய்ச் சேராத ஒரு குழந்தையின் நினைவில் வளர்ந்தது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

இதன் சூத்திரம் நம் ஆவடிக்காரர்களுக்குப் புதிதன்று. 1965-ஆம் ஆண்டு முதல் ஆவடியில் உருவாகும் டாங்கிகள் சேற்றிலும் மணலிலும் புதையாமல் ஓடுவது எவ்வாறு? சக்கரத்தின் கீழ் சங்கிலிப் பட்டை ஓடுவதால், எடை ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. பனி வண்டியும் அவ்வாறே. கால் டன் எடையுள்ள அவ்வண்டி பனியின்மீது செலுத்தும் அழுத்தம், நாம் ஒற்றைக் காலால் மிதிக்கும்போது விழும் அழுத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். மனிதன் இடுப்பளவு புதையும் இடத்தில் வண்டி மிதந்து செல்வதன் இரகசியம் இதுவே.

மலர்ப் புல்வெளி

ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குல்மார்க். தங்மார்க் என்னும் சிற்றூரில் சமவெளிப் பாதை முடிகிறது. அங்கிருந்து 13 கிலோமீட்டர் மலையேற்றம். தேவதாரு மரங்கள் இருமருங்கும் காவல் நிற்கின்றன. நடுக் குளிர்காலத்தில் சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி கட்டாமல் எந்த வண்டியையும் மேலே விடார். நாங்கள் சென்ற நாளில் சாலை ஈரமாகக் கிடந்தது; ஓரங்களில் மட்டும் அழுக்கேறிய பனிக் குவியல்கள். “பருவம் முடியப் போகிறது” என்றார் நண்பர்.

குல்மார்க் என்றால் மலர்களின் புல்வெளி. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 8,700 அடி உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பெருங்கிண்ணம்போல் அது அமைந்துள்ளது. கோடையில் பூக்களும், குளிர்காலத்தில் பனியும் அதனை நிறைக்கின்றன. அங்கிருந்து கம்பிவட ஊர்தி 1998-ஆம் ஆண்டு முதல் கொங்டூரி வரையிலும், 2005-ஆம் ஆண்டு முதல் ஆபர்வத் மலையில் 13,000 அடிக்கு அருகிலும் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. 1948-ஆம் ஆண்டில் பனிச்சறுக்குப் பள்ளியாகத் தொடங்கிய இராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியும் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில், 1902-ஆம் ஆண்டில் கட்டிய சிறு கற்கோவில் ஒன்று, பனிப்பரப்பின் நடுவே தனித்து நிற்கிறது.

காஷ்மீர் மக்கள் குளிர்காலத்தை எண்ணி வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கி 40 நாட்கள் ‘சில்லே கலான்’ என்னும் பெருங்குளிர். அடுத்த 20 நாட்கள் ‘சில்லே குர்த்’ என்னும் சிறுகுளிர். அதற்கடுத்த 10 நாட்கள் ‘சில்லே பச்சா’ என்னும் குழந்தைக் குளிர். நாம் ஆடிப் பட்டம், தைப் பட்டம் என்று கணக்கிடுவது போன்றதே இது. பெருங்குளிரின் 40 நாட்களில் விழும் பனிதான் அடுக்கடுக்காய் இறுகி நிலைக்கும்; கோடை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாய் உருகி ஓடைகளையும் ஊற்றுகளையும் வயல்களையும் காக்கும். பிந்தி விழும் பனி அழகு மிக்கது. ஆனால் விருந்தாளியைப் போன்றது. வந்த வேகத்தில் போய்விடும்.

அவ்வாண்டில் நடந்ததும் அதுவே. சனவரி வறண்டது. பிப்ரவரி நடுவில் அனந்தநாக் மாவட்டத்தின் புகழ்பெற்ற அச்சபல் ஊற்று வற்றிப்போயிற்று. குல்மார்க்கில் பிப்ரவரி 22-ஆம் நாள் தொடங்கவேண்டிய தேசிய குளிர்கால விளையாட்டுகள், பனி போதாமையால் தள்ளிவைக்கப்பட்டன. பிப்ரவரி இறுதியில்தான் பெரும்பனி கொட்டியது. விளையாட்டுகளும் மார்ச் 9 முதல் 12 வரை நடந்தேறின. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேலைக் காற்றலைகள் பிந்தினால் அவர்களுக்கு இந்தக் கதி. வடகிழக்குப் பருவமழை பிந்தினால் செம்பரம்பாக்கம் ஏரியை நம்பியிருக்கும் நமக்கு என்ன கதி என்பதை 2019-ஆம் ஆண்டுக் கோடையில் வறண்டு கிடந்த அந்த ஏரி நமக்குக் காட்டவில்லையா?

ஒரே நாளில் மூன்று பனி

இரவு ஒரு சிறு விடுதியில் தங்கினோம். விடியற்காலையில் நண்பர் எனக்கு அறிமுகம் செய்துவைத்தவர் பனி வண்டி ஓட்டும் ஓர் இளைஞர். முப்பது வயதிருக்கும். முழங்கால் வரை தொங்கும் ‘பெரன்’ அங்கி. அதனுள்ளே தணல் நிரம்பிய ‘காங்கிடி’க் கூடை. வணக்கம் கூறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பாதர் சாஹிப், இரவு எழுந்தீர்களா? நட்சத்திரம் தெரிந்ததா?” என்பது.

நான் வியப்புடன் நண்பரைப் பார்த்தேன். அவர் இந்தியிலிருந்து மொழிபெயர்த்துவிட்டுச் சிரித்தார். “இவன் தொழிலுக்கு அதுதான் முதற்பாடம்.”

காரணம் இது. வானம் தெளிவாக இருந்தால், பகலில் ஏறிய வெப்பம் முழுவதையும் இரவில் பனிப்பரப்பு விண்ணுக்கு விட்டுவிடுகிறது. இளகிய பனி மீண்டும் இறுகிக் கல்லாகிறது. மேகம் மூடினாலோ அது போர்வைபோல் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. பனி இறுகுவதில்லை, விடியற்காலையிலேயே கூழாக நிற்கும். நம் உழவர்களும் இதனை அறிவார்கள். மார்கழியில் மேகம் மூடிய இரவில் பனி இறங்காது. நட்சத்திரம் மின்னும் இரவில்தான் வைக்கோற்போர் நனையும். குல்மார்க்கின் இளைஞரும் கரையான்சாவடியின் பழைய உழவரும் ஒரே பாடத்தைப் படித்திருக்கிறார்கள்.

அன்று இரவு நட்சத்திரம் தெரிந்திருந்தது. ஏழு மணிக்கு வண்டியில் ஏறினேன். கரடுமுரடான கப்பிச் சாலையில் மாட்டுவண்டியில் செல்வது போல் எலும்புகள் குலுங்கின. பனி அத்தனை இறுக்கம். சறுக்குக் கட்டைகள் கடகடவென்று ஒலித்தன. திருப்பினால் திரும்பாமல் வழுக்கின. சிறிது தூரம் சென்றதும் அவர் வேண்டுமென்றே மரநிழலில் கிடந்த மென்பனிக்குள் வண்டியைச் செலுத்தினார். எனக்குப் பொருள் விளங்கவில்லை. பின்னர் விளக்கினார். பட்டை சுழலும்போது வாரி வீசும் பனித்தூள்தான் இயந்திரத்தின் வெப்பத்தைத் தணிக்கிறது. பட்டை உராய்ந்து ஓடும் தண்டவாளங்களுக்கும் அதுவே எண்ணெய். பனிக்கட்டிமேல் தூள் எழாது. அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் இயந்திரம் கொதிக்கும். சறுக்குப் பலகை தேய்ந்து உருகும். பருவ இறுதியில் வண்டிகள் பழுதாவது பெரும்பாலும் இதனால்தான். பனியின்மேல் ஓடும் வண்டிக்குப் பனியே குளிர்ச்சியும் உணவுமாக இருப்பதை எண்ணி வியந்தேன்.

ஒன்பதரை மணிக்கு மீண்டும் அழைத்தார். இப்போது பனி முற்றிலும் மாறியிருந்தது. மேற்புறம் ஒரு விரற்கடை ஆழத்துக்கு இளகி, உருண்டை உருண்டையாய், ஜவ்வரிசியைப் பரப்பியதுபோல் கிடந்தது. பல நாட்கள் பகலில் உருகி இரவில் உறைந்ததால் பனியின் கூரிய இதழ்கள் தேய்ந்து இவ்வாறு மணிகளாகிவிடுகின்றன. கீழே கல் போன்ற அடித்தளம், மேலே மென்மை. வண்டி வெண்ணெயில் கத்தி செல்வதுபோல் சென்றது. பயணிகள் ஆரவாரம் செய்தனர். நானும் என் வயதை மறந்து சிரித்தேன் என்பதை மறைப்பானேன்? “இதுதான் எங்கள் நேரம். இரண்டு மணி நேரம், மிஞ்சினால் இரண்டரை” என்றார் அவர்.

நண்பகலுக்குச் சற்றுமுன் கையிலிருந்த கம்பை அவர் பனியில் ஊன்றினார். காலையில் நுனிகூட இறங்காத கம்பு, இப்போது முழங்கை அளவு இறங்கியது. இழுத்தபோது நுனியில் நீர் சொட்டியது. அதைப் பார்த்தவுடன் இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்து அங்கிக்குள் போட்டுக்கொண்டார்.

மறுத்த கை

அவ்வேளையில்தான் அந்த நிகழ்ச்சி நடந்தது. செல்வம் மிக்க பயணிகள் சிலர் வந்தனர். காட்டுக்கு அப்பால், சரிவின் அடியில் உள்ள வெண்பரப்புக்குத் தங்களை அழைத்துச் செல்லவேண்டும் என்றனர். இளைஞர் மறுத்தார். இருமடங்கு தருவதாகச் சொன்னார்கள். மறுத்தார். “பனி எங்கும் இருக்கிறதே! காலையைவிட இப்போது வெயிலும் இதமாக இருக்கிறது. என்ன அச்சம்?” என்று ஏளனம் செய்தனர். அவர் தலையை அசைத்துவிட்டு வண்டிமேல் தார்ப்பாயை இழுத்து மூடினார். அவர்கள் வேறு யாரையோ தேடிச் சென்றனர். நல்ல வேளையாக யாரும் அழைத்துச் செல்லவில்லை.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். வண்டி கடனில் வாங்கியது. அவ்வாண்டு டிசம்பர், சனவரி மாத வருமானம் பனியில்லாமல் போயிற்று. கிடைத்தது மார்ச் மாதம் மட்டுமே; அதிலும் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம். இவற்றையெல்லாம் நண்பர் எனக்குச் சொன்னபின், அந்த மறுப்பின் விலை எனக்கு விளங்கியது.

“ஏன் மறுத்தீர்?” என்று கேட்டேன். அவர் மலைச்சரிவைக் காட்டினார். அவர் கூறியதையும், நண்பர் விளக்கியதையும் தொகுத்துச் சொல்கிறேன்.

புதிதாய் விழும் பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடை இருக்கும். பருவ இறுதியில் நீர் ஊறிய பனி 400, 500 கிலோ கனக்கும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே வெண்மை. நண்பகலில் உருகும் நீர் பனிக்குள் இறங்கி, மலையின் உடலுக்கும் பனிக்கும் இடையே வழுக்கலை உண்டாக்குகிறது. அப்போது சரிவு முழுவதும் ஈரச் சுண்ணாம்பைப் போல் பெயர்ந்து வரும். அதிலும் அவ்வாண்டு போல் முன்பனி சிறுத்துப் பின்பனி பெருத்தால் தீங்கு இருமடங்கு. குளிர்காலம் முழுவதும் மெலிந்து கிடந்த அடிப்பனி சர்க்கரைபோல் உதிர்ந்துவிடுகிறது. அதன் தலையில் திடீரென்று பெருஞ்சுமை ஏறுகிறது. ஓடைகளின் மேலோ பனி பாலம் கட்டி நிற்கும். குளிர்காலத்தில் அதன்மீது வண்டிகள் செல்லலாம். பங்குனியில் கீழே ஓடை விழித்துக்கொண்டு, பாலத்தை உள்ளிருந்தே அரிக்கிறது. மேலே ஒரு கீறலும் தெரியாது.

இவை வெறும் பேச்சல்ல. நடுக் குளிர்காலத்திலேயே ஆபர்வத் மலையில் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவரும், கிலன்மார்க் பகுதியில் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் மாண்டனர். இதற்கென்றே நம் நாட்டில் 1969-ஆம் ஆண்டு மனாலியில் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் பல்லாண்டுகள் உழைத்தது. 2020-ஆம் ஆண்டு முதல் அது வேறு பெயரில், பாதுகாப்புத் துறையின் விரிந்த ஆய்வு நிறுவனம் ஒன்றின் பகுதியாக எச்சரிக்கைகளை வழங்கிவருகிறது. கருவிகள் உதவும். ஆனால் கடைசியில் முடிவெடுப்பது சாவியைக் கையில் வைத்திருப்பவனே.

“குளிர் நேர்மையான எதிரி, பாதர் சாஹிப். அது முகத்தில் அறையும். இந்த வெயில் தோளில் கை போடும்” என்றார் அந்த இளைஞர்.

கரையான்சாவடித் தாயின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஏரிச் சேறு

திரும்பும் வழியெல்லாம் இதே சிந்தனை. ‘ஒன்றுமில்லை அம்மா, எல்லாம் நலம், கவலை வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் அன்றிரவு அவர் உறங்குவார். துன்பத்தில் இருப்போரிடம் அவ்வாறு எளிதாகச் சொல்லிவிடுவது என்னைப் போன்றோருக்கு உள்ள ஒரு பழக்கம். ஆனால் மகன் தாயிடம் பொய் சொல்லவில்லை. ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று உண்மையைத்தான் சொன்னான். அவன் சொன்ன உண்மையை நான் போய்ப் பொய்யாக்குவதா?

ஆகவே கண்டதை எல்லாம் சொன்னேன். காலை இறுக்கம், நடுக்காலை மென்மை, நண்பகலின் வஞ்சகம், கம்பு நுனியில் சொட்டிய நீர், தார்ப்பாயை இழுத்து மூடிய கை, ஒன்றையும் விடவில்லை. அவர் கணவர் பட்டையைப் பற்றியும் பற்சக்கரத்தைப் பற்றியும் நுணுக்கமாகக் கேட்டார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் மெல்லச் சொன்னார்:

“நம்ம ஏரி மாதிரிதான் சாமி.”

“எப்படியம்மா?”

“நான் பொறந்தது செம்பரம்பாக்கம் பக்கம். பங்குனி சித்திரையிலே ஏரி வத்தும். ஓரத்திலே வண்டல் காய்ஞ்சு பாளம் பாளமா வெடிச்சிருக்கும். பார்த்தா களத்துமேடு மாதிரி இருக்கும். புதுசா வாங்கின எருமை அதுமேலே இறங்கும். மேலே காய்ஞ்சிருக்குமே தவிர அடியிலே கூழு. வயித்து மட்டும் பொதைஞ்சிடும். ஊரே கயிறு போட்டு இழுக்கணும். தண்ணி நிறைய இருக்கறப்ப எந்த எருமையும் பொதையாது சாமி, வத்தறப்பதான். ஆனா எங்க அப்பா ஓட்டற மாடு ஒண்ணுகூடப் பொதைஞ்சதில்லை. அவர் முதல்லே கோலை ஊணிப் பார்ப்பார்.”

சிறிது நேரம் மௌனம் நிலவியது. பிறகு அவரே, “என் பையனும் கோல் ஊணிப் பார்க்கறான். அதைத்தான் ஜாக்கிரதைங்கறான், இல்லையா சாமி?” என்றார்.

நான் கற்ற நூல்களில் இதனைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. அவருடைய அச்சம் நீங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையைப் பனிமலைக்கு அனுப்பிய தாயின் அச்சம் அவன் வீட்டுப்படி ஏறும் வரை நீங்காது. ஆனால் இருட்டில் உருவம் தெரியாமல் நின்ற அச்சத்துக்கு இப்போது ஓர் உருவம் கிடைத்தது. அவர் அறிந்த ஏரியின் உருவம் அது. அந்த உருவத்தின் அருகே கோலோடு ஒருவன் நிற்பதையும் அவர் கண்டுகொண்டார். இல்லங்களில் பிள்ளைகளைப் பற்றியோ நோயைப் பற்றியோ கவலை கொண்டு வினவுவோருக்கு, ‘ஒன்றுமில்லை’ என்னும் ஒற்றைச் சொல்லைவிட உண்மையை உடனிருந்து விளக்குவதே பேருதவி என்பதை இப்பயணத்தில் நான் கற்றேன்.

இத்துடன் முடித்திருப்பேன். ஆனால் காஷ்மீரின் கதை அங்கே முடியவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பகல்காமுக்கு அருகே பைசரன் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாடே துயரில் மூழ்கியது. பள்ளத்தாக்கின் பல சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டன. பயணிகள் கூட்டங்கூட்டமாய் ஊர் திரும்பினர்.

அந்த வாரம் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். மகனைப் பற்றிக் கேட்பார் என்று எண்ணினேன். மகன் பேசிவிட்டானாம், நலமாம். அவர் கேட்டது வேறு: “அந்த வண்டிக்காரப் பிள்ளை எப்படி இருக்கான் சாமி? அவனுக்கு ரெண்டு பிள்ளைங்கன்னு சொன்னீங்களே.”

நண்பரிடம் தொலைபேசியில் விசாரித்தேன். உயிருக்கு ஊறு ஏதுமில்லை. பனி முற்றிலும் உருகிவிட்டது, பயணிகளும் இல்லை. வண்டி தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. தம்பியோடு ஆப்பிள் தோட்டத்து வேலைக்குச் செல்கிறாராம். டிசம்பர் 21-ஆம் நாளுக்காகக் காத்திருக்கிறாராம்.

அதைச் சொன்னபோது அந்த அம்மா விரல்விட்டு மாதங்களை எண்ணினார். “எட்டு மாசம்” என்றார். அதன்பின் என்னைக் காணும்போதெல்லாம் தம் மகனைப் பற்றிச் சொல்லி முடித்ததும், “அங்கே பனி விழுந்துச்சா சாமி?” என்று அவர் கேட்காமல் இருந்ததில்லை.